மதிக்கரை எண்ணிய தலைகள்

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் நாணல்படுகையில் ஒருவர்கூட இல்லை. புயலுக்கு முன் கொள்ளிடக்கரையில் ஓர் ஊர் இப்படி முழுதாகக் காலியானது அதுவே முதல் முறை. அதைச் செய்து முடித்தவர் ஊரின் செவிலியர் தையல்நாயகி. இரண்டு நாட்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். நிறைமாதக்காரி ஒருத்தியைத் தன் ஸ்கூட்டரிலேயே முகாமுக்குக் கொண்டுபோனார். ஆறு மாடுகளை விட்டு வரமாட்டேன் என்ற பக்கிரிசாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கயிறுகளை அவிழ்த்துவிடும் வரை பேசினார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், வீட்டைக் கரை பார்த்துக்கொள்ளும் என்றார்.

எல்லோரும் நம்பியதும் அதைத்தான். ஆற்றின் இருபுறமும் மதிக்கரை என்ற தானியங்கிக் கரை இருந்தது. தண்ணீர் ஏற ஏற மண்ணுக்குள்ளிருந்து எஃகுச் சுவர்கள் தாமாகவே எழும்பும். ஒன்பது வருடங்களாக ஒரு வயல்கூட மூழ்கவில்லை.

அன்று வந்த வெள்ளத்தை இரண்டு சுவர்களாலும் தாங்க முடியவில்லை. நாலரை மணிக்குத் தெற்குச் சுவர் தானாகக் கீழே இறங்கியது. நாணல்படுகைக்குள் ஆறு புகுந்தது.

யாரும் சாகவில்லை. ஆனால் நூற்றுத் தொண்ணூறு வீடுகள் விழுந்தன. பக்கிரிசாமியின் மாடுகளில் ஒன்றுதான் உயிரோடு கிடைத்தது. எதிர்க்கரையில் இருந்த வடக்குமேட்டில் ஒரு வாசலைக்கூட வெள்ளம் தொடவில்லை.

தையல்நாயகி கரையின் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ப் பொறியாளர் இளவழகனிடம் காரணம் கேட்டார். அவர் தயங்கித்தான் சொன்னார். இரு பக்கமும் தாங்காது என்றால், உடல் சூட்டை வைத்து மதிக்கரை ஆட்களை எண்ணும். ஆட்கள் குறைவாக உள்ள பக்கத்தைத் திறந்துவிடும்.

"வடக்குமேட்டுல நாப்பத்தோரு பேர் கெளம்ப மாட்டேன்னு உக்காந்துட்டாங்க, சிஸ்டர். ஒங்க பக்கம் ஒருத்தருமில்ல. அது வேற என்ன பண்ணும்?"

மதிக்கரையின் இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று தையல்நாயகிக்குப் பட்டது. அதுதான் அதிகம் வலித்தது. ஊரார் கேட்டபோது மறைக்க மனமில்லாமல் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஐப்பசியில் மறுபடி புயல் எச்சரிக்கை வந்தது. நாணல்படுகையில் யாரும் மூட்டை கட்டவில்லை. வெளியூர்ச் சொந்தங்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். பிறந்த வீட்டிலிருந்த பெண்கள் கைக்குழந்தைகளோடு திரும்பினார்கள். குழந்தையும் ஒரு தலைதான். வடக்குமேட்டிலும் இதே கூட்டம் என்று இளவழகன் போனில் சொன்னார். இரண்டு கரையையும் வெள்ளம் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, தையல்நாயகியும் கேட்கவில்லை.

முகாமுக்கான வேனை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வீடாகப் போய்க் கிளம்பச் சொல்லிக் கெஞ்சினார். யாரும் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். பக்கிரிசாமி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எதுவும் தப்பில்ல சிஸ்டர். ஆனா நீங்களும் போயிடாதீங்க. நம்ம பக்கம் ஒரு தல கொறஞ்சிடும்."

மழை பிடித்துக்கொண்டது. உள்ளே கைக்குழந்தை ஒன்று அழுதது. தையல்நாயகி வாசலுக்கு வந்து வேனைத் திருப்பி அனுப்பினார்.