முத்துத்திட்டுக்கு ஒரு சாட்சி

வேலை தருகிறோம் என்று கடிதம் வந்த பிறகும் பிலோமினா யாருக்கும் இனிப்பு கொடுக்கவில்லை. கடிதத்தின் இரண்டாவது வரி அப்படி. ‘பின்னணிச் சரிபார்ப்பு முடியும்வரை இது நிபந்தனைக்குட்பட்டது’ என்று இருந்தது.

பெரிய பதவிதான். குமரிக் கடலுக்குள் நட்டிருந்த காற்றாலைக் கோபுரங்கள் அத்தனைக்கும் பாதுகாப்புத் தலைவர். ஐம்பதை நெருங்கும் வயதில் இப்படி ஒன்று வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அப்போது அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த தூத்துக்குடி மீன் குளிர்நிலையத்தையோ மழைக்கு முன்னால் மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கடிதம் வந்த அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடக் கை துறுதுறுத்தது. கணவர் மிக்கேல்தான் தடுத்தார். உறுதிக் கடிதம் கைக்கு வரட்டும், அதுவரை அங்கே வாயே திறக்காதே என்றார். அவருடைய தம்பி ஒருவர் அப்படி அவசரப்பட்டு, இருந்ததும் போய் வந்ததும் போய் நின்றவர்.

அந்தக் காலத்தில் சரிபார்ப்பு என்றால் வடிப்பான். சான்றிதழ், புகைப்படம், காணொளி, குரல் என்று எதை வேண்டுமானாலும் இயந்திரங்கள் நொடியில் செய்து தரத் தொடங்கியதும், காகிதத்தையும் திரையையும் நம்புவதை உலகம் விட்டுவிட்டது. பொய்யாகச் செய்ய முடியாதது ஒன்றுதான் மிஞ்சியது. ஒரு மனிதர் கண்ணால் கண்டு மனசுக்குள் வைத்திருப்பது. அதை எடுக்க வந்ததுதான் நினைவுவடிப்பான். சாட்சி நாற்காலியில் சாய்ந்துகொள்வார். தலையில் வலைத்தொப்பி மாட்டுவார்கள். பழையதை அவர் ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க, அது படமாக வடிந்து இறங்கும். வலி கிடையாது. ஆனால் வடித்த நினைவு மறுபடி ஊறாது. நடந்தது என்று தெரியும், பள்ளிப் பாடத்தில் படித்த போர் மாதிரி. முகம், குரல், வாசனை ஒன்றும் இருக்காது; அதையொட்டிப் பிறகு பேசியதும் சேர்ந்தே வடிந்துவிடும். மருத்துவர்கள் அதற்கு ‘மங்கல்’ என்று பெயர் வைத்தார்கள். மற்றவர்கள் சக்கை என்றார்கள்.

பிலோமினாவும் மூன்று பேருக்குச் சாட்சி சொல்லியிருந்தாள். அதில் ஒருத்தி கல்லூரித் தோழி கிரேஸி. பிறகு ஒரு கல்யாண வீட்டில் கிரேஸி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். இருவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் என்று பிலோமினாவுக்குத் தெரியும்; தெரிந்ததோடு சரி. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கித் தோளில் சாய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்கள்தான் ஊரில் சீக்கிரம் வெறுமையானார்கள்.

படிப்பையும் மற்ற வேலைகளையும் சரிபார்த்து முடித்தாயிற்று. முத்துத்திட்டில் அவள் வேலை பார்த்த இரண்டு வருடம் மட்டும் நின்றது. சரிபார்ப்பு அலுவலர் கார்வண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டுப் பணிவாகத்தான் பேசினான். அந்த இரண்டு வருடத்துக்குச் சாட்சி வேண்டும், அப்போதைய நிறுவனம் கலைந்துபோய்விட்டது, சாமான் கொண்டுவந்த படகுக்காரரும் உயிரோடு இல்லை. இருப்பது உங்களோடு அங்கே வேலை பார்த்த காயல்பட்டினம் ருக்கையா பானு ஒருவர்தான். அவருக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை என்றான். முத்துத்திட்டைப் பற்றி விண்ணப்பதாரர் சாட்சியிடம் ஒரு வார்த்தை பேசினாலும் வேலை ரத்தாகிவிடும் என்பதையும் நினைவுபடுத்தினான்.

முத்துத்திட்டு தீவு இல்லை. கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நின்ற ஒரு மேடை. சுற்றிலும் காற்றாலைகள், மேடையில் ஒரு அறை, இரண்டு பெண்கள். காற்றாலை வேலைக்குப் பெண்களை எடுத்துப் பார்க்கலாம் என்று யாருக்கோ தோன்றிய காலம் அது. படிப்பு முடித்த கையோடு போன பிலோமினாவுக்கு நீந்தத் தெரியும், சமைக்கத் தெரியாது. ருக்கையாவுக்குச் சமைக்கத் தெரியும், தண்ணீரைக் கண்டால் பயம். அவள் இரண்டு வயது மூத்தவள். அவள் தங்கைகள் கூப்பிடுகிற மாதிரி பிலோமினாவும் ‘ராத்தா’ என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். கோபுரங்களுக்கெல்லாம் தங்கள் உறவுக்காரர்களின் பெயரை வைத்தார்கள். எண்ணெய் போட்டும் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது பெரிய மாமி. காற்றே இல்லாவிட்டாலும் சுற்றியது பிலோமினாவின் சித்தப்பா. படகு வராத வாரங்களில் கஞ்சியும் மாசிக் கருவாட்டுத் துண்டும்தான். அந்தக் கஞ்சிக்கு இருந்த ருசி பிறகு எந்த விருந்திலும் இருந்ததில்லை என்று பிலோமினாவுக்கு ஒரு எண்ணம்.

பிறகு இருவருக்கும் கல்யாணம், பிள்ளைகள். வருடத்துக்கு இரண்டு தடவை, பெருநாளைக்கும் கிறிஸ்துமஸுக்கும், பேசிக்கொள்வதோடு நின்றது. ஆனால் குளிர்நிலையத்தில் மீன்பெட்டிகளுக்கு நடுவே நிற்கும்போது சில நாள் உப்புக்காற்று உள்ளே வரும். பிலோமினா ஒரு நிமிடம் மேடையில் நின்றுவிட்டு வருவாள்.

பதில் வராமல் நாட்கள் போயின. ஒரு மத்தியானம் ருக்கையாவே கூப்பிட்டாள்.

“பிலோ, நோட்டீஸ் வந்திருக்கு.”

“தெரியும் ராத்தா. அதப் பத்தி நாம பேசக் கூடாது.”

“அதப் பத்திப் பேசல. நீ எப்படி இருக்கே?”

பேச்சை யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று பிலோமினாவுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னாள். “குடுக்க வேணாம் ராத்தா. எனக்கு வேற வேலை கிடைக்கும்.”

“குளிர்நிலையம் எப்ப மூடுறாங்க?”

“மழைக்கு முன்னாடி.”

ருக்கையாவின் பக்கத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. கணவர் படுக்கையில் கிடந்த ஆறு வருடம், அவர் போன பிறகு மகளை வளர்த்தது என்று அவளுக்கு நடந்ததெல்லாம் பிலோமினாவுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்க அவளுக்கும் அந்த இரண்டு வருடம்தான் இருக்கும் என்பதும் தெரியும்.

“சரி புள்ள, வைக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு” என்று ருக்கையா வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சாட்சி வடித்ததை விண்ணப்பதாரர் ஒரு தடவை பார்த்து, அதில் இருப்பது தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இருட்டறையில் உட்காரவைத்தார்கள். திரையில் வந்தது ருக்கையாவின் கண்கள் கண்ட முத்துத்திட்டு. ஈரத்தலையோடு ஒரு பெண் ஏணியில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்து, வாங்க ராத்தா, கீழே பார்க்காதீங்க என்று சிரித்தாள். தான் அவ்வளவு அழகாக இருந்தோமா என்று பிலோமினாவுக்குச் சந்தேகமாக இருந்தது. பார்த்தவளின் பிரியமும் சேர்ந்து வடிந்திருந்தது போலும். பிறகு அவளுக்கே தெரியாத ஒன்று வந்தது. காய்ச்சலில் அவள் உளறிக்கொண்டு கிடக்கிறாள். ஒரு கை போர்வையை இழுத்துவிடுகிறது, நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறது, மறுபடி இழுத்துவிடுகிறது. விடியும்வரை அந்தக் கண்கள் மூடவேயில்லை.

கார்வண்ணன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். இதைச் சாட்சிக்குத் திருப்பிப் போட முடியாதா என்று அவள் கேட்டாள். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்று அவன் தலை குனிந்துகொண்டான்.

உறுதிக் கடிதம் வந்தது. ராஜினாமா கொடுத்தாள். கன்னியாகுமரியில் வீடு தந்தார்கள். கோபுரங்களைச் சுற்றிப் படகில் போய்வரும் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெருநாளைக்கு ருக்கையாவுக்கு வாழ்த்துச் சொல்ல எண்ணை எடுத்தவள், அழைக்காமலே வைத்துவிட்டாள்.

அடுத்த வருடம் ருக்கையாவிடமிருந்து அழைப்பு வந்தது.

“வணக்கம் மேடம். நான் காயல்பட்டினத்துல இருந்து ருக்கையா பானு பேசுறேன். முன்னாடி ஒருகாலத்துல நீங்களும் நானும் ஒண்ணா வேலை பார்த்ததா பதிவுல இருக்கு.”

“ஆமா, சொல்லுங்க” என்றாள் பிலோமினா.

ருக்கையா தயங்கித் தயங்கிச் சொன்னாள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பாம்பனில் ஒரு மின்நிலையத்தில் பராமரிப்பு வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், ஆனால் நிபந்தனையோடு. முத்துத்திட்டு இரண்டு வருடத்துக்கும் சாட்சி வேண்டுமாம். தான் ஏற்கெனவே வடித்துக் கொடுத்தது பிலோமினாவைப் பற்றி. தன்னைப் பற்றிச் சொல்ல இன்னொருவர் வேண்டுமாம். சிரமம் என்றால் வேண்டாம் என்றும் சொன்னாள்.

“சிரமம் இல்ல. ஆனா அதுக்கு முன்னால உங்க வீட்டுக்கு ஒருதடவை வரணும்” என்றாள் பிலோமினா.

விதிகளை அவள் படித்துப் பார்த்திருந்தாள். விண்ணப்பதாரர் சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் தடை. சாட்சி தான் கண்டதை விண்ணப்பதாரருக்குச் சொல்லக் கூடாது என்று எங்கும் இல்லை. காயல்பட்டினத்துக்குப் போனாள். ருக்கையா விருந்தாளிக்குப் போடும் விரிப்பைப் போட்டு, வட்டிலப்பம் வைத்து, எதிரே கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள். பிலோமினா முதல் நாள் படகில் போய் இறங்கியதிலிருந்து தொடங்கினாள். ஒன்றையும் விடவில்லை. சித்தப்பாவையும் பெரிய மாமியையும் சொன்னாள். புயலில் ஏணி ஏறியதைச் சொன்னாள். திரையில் பார்த்துத் தெரிந்துகொண்ட காய்ச்சலையும், போர்வையை இழுத்துவிட்ட கையையும் சொன்னாள். ருக்கையா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். நடுநடுவே சிரித்தாள்; ஓரிடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “நல்லா சொல்றீங்க மேடம்” என்றாள். வெயில் இறங்கும்வரை பிலோமினா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே போய் நாற்காலியில் சாய்ந்தாள். வலைத்தொப்பியை மாட்டினார்கள். வலி இல்லை.

ருக்கையாவுக்கு வேலை உறுதியானது. நன்றி சொல்ல அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கன்னியாகுமரிக்கு வந்தாள். மிக்கேல் தேநீர் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார். இரண்டு பெண்களும் என்ன பேசுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கடலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ருக்கையா, நீங்கள் அன்றைக்கு ஒரு கதை சொன்னீர்களே, அதை மறந்துவிடக் கூடாதென்று மகளிடம் அடிக்கடி சொல்லிவருகிறேன் என்றாள். காயல்பட்டினத்துக்குப் போனதும் நெடுநேரம் பேசியதும் பிலோமினாவுக்குத் தெரியும். பேசியது என்ன என்று தேடினால் சக்கைதான் வந்தது.

“எனக்கு ஒருதடவை சொல்லுங்களேன்” என்றாள்.

ருக்கையா சொன்னாள். நன்றாகவே சொன்னாள். அது தங்கள் கதைதான் என்று இருவருக்கும் தெரியும்; ஆனாலும் யாரோ இரண்டு பெண்களின் கதையைப் போலத்தான் அவள் சொன்னாள், அப்படித்தான் இவளும் கேட்டாள். காய்ச்சலில் கிடந்தவள் பிழைக்க வேண்டுமே என்று பதறினாள். புயல் ஓய்ந்ததும் பெருமூச்சு விட்டாள். தேநீர் ஆறிப்போனது. நிறுவனம் கலைந்து, கடைசிப் படகில் அந்த இருவரும் கரைக்குத் திரும்பியதோடு ருக்கையா நிறுத்திக்கொண்டாள்.

“அப்புறம் அவங்க ரெண்டு பேரும் என்ன ஆனாங்க?” என்று பிலோமினா தன்னை மறந்து கேட்டாள்.

ருக்கையா யோசித்துப் பார்த்தாள்.

“அத நீங்க சொல்லவே இல்லையே, மேடம்.”