பாதி டிரம் உனக்கு

வனஜாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. "திங்கட்கிழமையும் அஞ்சரைக்கு மைதானத்துக்கு வரலைன்னா, வளையப்பந்து டீம்ல உன் இடம் ஜமீலாவுக்குத்தான்" என்று விளையாட்டு டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவள் என்ன செய்வாள்? ஆவடி குவார்ட்டர்ஸ் தெருமுனைக் குழாயில் நாலரைக்குத்தான் தண்ணீர் வரும். வீட்டு டிரம் நிரம்பப் பன்னிரண்டு குடம் சுமக்க வேண்டும். முடிக்க ஆறு மணி ஆகிவிடும். அண்ணன் பாஸ்கரனோ அந்த நேரத்தில் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான்.

"அண்ணனையும் தூக்கச் சொல்லும்மா!"

"ஆம்பளப் புள்ள குடம் தூக்கினா தெருவே சிரிக்கும்டி" என்றாள் அம்மா.

அப்பா கங்காதரன் தொழிற்சாலையில் திருகாணிகளை அளந்து பார்ப்பவர். "எல்லாத் தண்ணியும் நானேதான் தூக்கறேம்பா" என்று அவரிடம் முறையிட்டாள்.

"எல்லாம்னா எவ்ளோ? அளவு சொல்லும்மா" என்றார் அப்பா.

அவ்வளவுதானே? டிரம்முக்குப் பின்னால் சுவரில் இரண்டு பெயர்களை எழுதி, குடத்துக்கு ஒரு கரிக்கோடு போட்டாள். வியாழன் முதல் ஞாயிறு வரை வனஜா நாற்பத்தெட்டு, பாஸ்கரன் ஒன்று. அந்த ஒன்றும் அவன் கால் கழுவக் கொண்டுவந்தது!

அப்பா தலையைச் சொறிந்தார். "டேய் பாஸ்கர், நாளையிலேருந்து ஆளுக்குப் பாதி." அம்மாவும் கோடுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை வனஜா ஆறு குடம் ஊற்றினாள். பாஸ்கரனும் தன் பெயருக்கு நேரே ஆறு கோடு போட்டான். ஆனால் டிரம்மில் தண்ணீர் முக்காலைக்கூடத் தொடவில்லை. அவன் கையைப் பார்த்தால், அம்மா பூஜைக்குத் தண்ணீர் வைக்கும் குட்டிக் குடம்!

"இன்னாண்ணா இது? பிள்ளையாரைக் குளிப்பாட்டக்கூடப் பத்தாதே!"

"குடம்னா குடம்தான். எண்ணிக்கை சரியாத்தானே கீது?"

வனஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பு தன்னுடையதும்தான், குடத்தை எண்ணினாளே தவிர, தண்ணீரை அளக்கவில்லை. டிரம்மின் நடுவில் ஒரு கோடு கிழித்தாள். "கோடு வரைக்கும் என்னோடது. அதுக்கு மேல விளிம்பு வரைக்கும் உன்னோடது. எந்தக் குடத்துல வேணும்னாலும் ஊத்திக்கோ."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டமாக மைதானத்துக்கு ஓடினாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வளையத்தை அவளிடமே வீசினார். அதைப் பிடித்தபோது வனஜாவுக்கு மனசெல்லாம் சந்தோஷம்.

வீடு திரும்பியபோது டிரம் தளும்பிக்கொண்டிருந்தது. நனைந்த சட்டையோடு பாஸ்கரன் சுவரில் மூன்றாவதாக ஒரு பெயரை எழுதிக்கொண்டிருந்தான்: 'அப்பா'. அதற்கு நேரே பெரிதாக ஒரு முட்டை.

வேலை முடிந்து வந்த அப்பா அதை உற்றுப் பார்த்தார்.

"அளவுல ஏதாவது தப்பாப்பா?" என்று மெல்லக் கேட்டாள் வனஜா.

"ஒரு தப்பும் இல்லம்மா." அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சமையல்கட்டு அண்டா காலியாத்தானே கீது? டேய், பெரிய குடமா எடு!"

குழாயடியில் அவரைப் பார்த்ததும், பக்கத்து வீட்டு வடிவு அக்கா தன் வீட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "இன்னாங்க, இங்க வாங்க! சும்மா வராதீங்க, குடத்தோட வாங்க!"