காற்று நின்றால் கீழே வரும்

விளக்கு வலப்பக்கம் இருந்தது. பாட்டிலுக்குள் இருந்தவை எல்லாம் இடப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

கார்டு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர்; அந்தக் குடியிருப்பில் அவருக்குப் பெயரே அதுதான். பிளாஸ்டிக் சோடா பாட்டிலின் அடியை அறுத்துத் தலைகீழாக நிறுத்தி, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையைத் தூவி, காற்று மோட்டாரின் குழாயை அடிவரை இறக்கி, ஒரு பகலும் இரவும் அது குமுறுவதைப் பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் மாப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பொரிந்துவிட்டது. கடுகு ஒன்றை நூறாக அரிந்தால் வருகிற துணுக்கின் அளவில், செங்கல் நிறத்தில், கோடி இறால் குஞ்சுகள். கோடி என்பது அவர் கணக்கு. அவருக்கு எதுவும் கோடிக்குக் குறைந்து வராது.

பக்கத்துத் தொட்டியில் ஏஞ்சல் மீனின் குஞ்சுகள் நேற்று முதல் நீந்துகின்றன. உயிருள்ள தீனியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத மகாராஜாக்கள். சென்ற இரண்டு ஈற்றும் இப்படித்தான் நீந்தத் தொடங்கி, தீனி இல்லாமல், மறுநாள் காலையில் தொட்டியின் தரையில் வெள்ளைப் பொடியாகக் கிடந்தன. இன்று இரவுக்குள் ஊட்டாவிட்டால் இவையும் பொடிதான். அந்த நினைப்பிலேயே அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அலங்கார மீன் கடைக்காரர் போனில் பாடம் எடுத்திருந்தார். "சார், அறைய இருட்டாக்குங்க. காத்த நிறுத்துங்க. அடியில ஒரு லைட்ட வைங்க. உசுரு உள்ளதெல்லாம் தானா கீழ வந்துரும், வெறும் ஓடு மேல மிதந்துரும். குழாய் போட்டு உறிஞ்சிக்க வேண்டியதுதான்."

"வரலேன்னா?"

"வராம எங்க சார் போகும்? இன்னும் பெரிய லைட்டா வைங்க."

அதனால்தான் பரணிலிருந்து பழைய ரயில் விளக்கை இறக்கினார். ஒரு காலத்தில் அதை ஆட்டினால் நிலவே இரண்டடி தள்ளி நின்றது என்று பேரப்பிள்ளைகளிடம் அளந்துவிட்ட விளக்கு. சன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டார்.

"புழுங்கிச் சாகணுமா?" என்று அவர் மனைவி வாசல் கதவைத் திறந்து வைத்தாள். "ஏங்க, இவ்வளவு மெனக்கெட்டு வளக்குறது உள்ளங்கை அளவுக்காவது வளர்ந்தா, நான் பொரிச்சாவது வச்சிருப்பேன்."

"நீ சும்மா இரு இவளே. பசியில கெடக்குதுங்க."

"இந்தத் தடவையும் சாக விட்டீங்கன்னா தொட்டியில துணி ஊற வச்சிருவேன்."

அவர் மோட்டாரை நிறுத்தினார். குமிழிகள் அடங்கின. விளக்கை முன்பக்கம் மாற்றினார். செங்கல் நிறக் கூட்டம் அசையவில்லை. பாட்டிலைத் திருப்பினார். கூட்டம் பாட்டிலின் உட்சுவரோடு வழுக்கி, மறுபடியும் அதே பக்கம். செருப்பு அடுக்கியிருந்த மூலையின் பக்கம். விளக்கை அடியில் முட்டுக்கொடுத்து வைத்தபோதும் ஒன்றுகூட இறங்கவில்லை. அந்த மூலையில் இதைவிடப் பெரிய வெளிச்சம் இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

மோட்டார் நின்ற பிறகும் குமிழியிடும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

தொலைவில், கனமாக, மிக மெதுவாக. அவர் காதைச் சாய்த்தார். பழகிய ஓசைதான். பிறந்த நாள் முதல், தெரு இரைச்சல் என்றும் காற்று என்றும் நினைத்து விட்டுவிட்ட ஓசை. மேல் வீட்டுத் தையல்காரரின் மிஷினுக்கும் லாரிகளுக்கும் அடியில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் குமுறல் இப்போது, யாரோ சுவிட்சைத் தொட்டது போல, நின்றது.

மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை.

மனைவியின் நெற்றியில் பறந்த முடி பறந்த இடத்திலேயே நின்றது. உப்பு வாடை. ஈரச் சாக்கின் வாடை. தையல் மிஷின் ஓய்ந்தது. மாடிப்படியில் வெறுங்கால்கள். ஒன்று, பல, எல்லா வீட்டுக் கால்களும், அவசரமில்லாமல், பேச்சில்லாமல், கீழே.

செருப்பு மூலையில், சுவரும் தரையும் சேரும் இடத்தில், நகக்கண் அளவு வெளிச்சம்.

"ஏங்க," என்றாள் மனைவி. குரலில் தூக்கக் கலக்கம் போல ஒரு சுகம். "எவ்வளவு நல்லா இருக்கு பாருங்களேன்."

"பாக்காத. இந்தப் பக்கம் திரும்பு."

அவள் நடந்தாள். அவர் கையைப் பிடித்தார். கை சில்லென்று, மெழுகு போல் வழுக்கியது. விளக்கைச் சிவப்புக்குத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். எத்தனை ரயிலை நிறுத்திய சிவப்பு. அவள் நிற்கவில்லை. வெள்ளைக்குத் திருப்பினார். கண்ணுக்கு அருகே பிடித்தார்.

"இவளே. இதப் பாரு. இந்த வெளிச்சத்தப் பாரும்மா."

அவள் பாதம் தயங்கியது. அரை அடி அவர் பக்கம் திரும்பியது. அவருக்கு மூச்சு வந்தது.

மூலையின் வெளிச்சம் பெரிதானது. வாசல் அளவு. வரவில்லையென்றால் இன்னும் பெரிய விளக்கு. அவர் செய்ததைத்தான் அங்கேயும் யாரோ செய்தார்கள்.

திறந்த கதவு வழியே தையல்காரர் வந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. பின்னால் மாடி வீட்டார் அத்தனை பேரும். கார்டை இடித்துக்கொண்டு, வழுக்கிக்கொண்டு, மூலைக்குள்.

பிடியை இறுக்கினார். இறுக்கியது நைட்டியின் கையை மட்டும்.

உள்ளே கை இல்லை.

நைட்டி அவர் விரல்களை விட்டு நழுவி, மெல்ல மேலே ஏறியது. பொத்தான்கள் போட்டபடி இருந்தன. அதன் பக்கத்தில் ஒரு சட்டை, அளவு நாடா, ஒரு குழந்தையின் கவுன். எல்லாம் கூரையைத் தொட்டு, இலேசாக முட்டி, மிதந்தன.

தொட்டியில் ஏஞ்சல் குஞ்சுகள் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் அவற்றைப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். நேற்று நீந்தத் தொடங்கியவை. இன்று இரவுக்குள் ஊட்டாவிட்டால் பொடியாகிவிடுபவை. யாரோ சாப்பாடு இறங்காமல் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் திட்ட அவருக்கு மனம் வரவில்லை.

விளக்கு கையிலிருந்து விழுந்தது. தேவைப்படவில்லை. அறை முழுக்க வெளிச்சம். நல்ல வெளிச்சம்.

அவர் பாதங்கள் திரும்பின.

தோளில், சட்டை தானாகவே மேலே இழுபடத் தொடங்கியது.