சில்லென்ற சறுக்கு

அக்னி நட்சத்திர வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, கொல்லையில் நின்ற இரும்புச் சறுக்கு சில்லென்று இருந்தது.

கிளமெண்ட் கையை எடுத்து லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். மேலே மரமோ ஓலையோ எதுவும் கிடையாது. ஒரு முழம் தள்ளி, அவனே குழாய் வளைத்துக் கட்டிய ஊஞ்சலின் கம்பி தொட முடியாமல் சுட்டது. கீழே கொட்டியிருந்த ஆற்றுமணல் செருப்பையும் மீறிக் கொதித்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்ட அந்த நேரத்தில், இந்த ஆறடித் தகட்டில் மட்டும் ஈரம் பூத்திருந்தது; அதிலிருந்து நனைந்த களிமண் வாசனை, செராமிக் கம்பெனியில் பதினான்கு வருடமாக அவன் மூக்கில் ஏறி இறங்கும் அதே வாசனை, மெல்ல வந்துகொண்டிருந்தது.

தகட்டின் நடுவில் அவன் மகள் பிரின்சி உட்கார்ந்திருந்தாள். நாலு வயது. அவ்வளவு சரிவில் எதையும் பிடிக்காமல், வழுக்கி இறங்காமல், பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"வெயில்ல என்னடி பண்ற? எறங்கு."

"வெயிலே இல்லப்பா. சில்லுனு இருக்குது."

"சரி, சறுக்கிட்டு வா. உள்ள போலாம்."

"இது சறுக்குறதில்லப்பா," என்றாள், தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது போல. "இது உக்கார்றது."

கிளமெண்ட் தகட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். இந்தத் தகடு உட்காருகிற இடம்தான். அது இந்த உலகத்தில் அவனுக்கும் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்கும்தான் தெரியும். பிரின்சி ஒருநாள்கூடக் கம்பெனிப் பக்கம் வந்ததில்லை.

ஏப்ரலில் அவன் மனைவி ரீட்டா போனில் பிளாஸ்டிக் சறுக்கு ஒன்றைக் காட்டி, வாங்கிவிடலாம் என்றாள். நம்மூர் வெயிலுக்குப் பிளாஸ்டிக் ஒரு வருடம் தாங்காது, நானே செய்கிறேன் என்று இவன்தான் வீம்பு பிடித்தான். அவனுக்குக் கம்பெனியில் இப்போது சூப்பர்வைசர் என்ற பெயர். கைவேலை மறந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஊஞ்சலும் ஏணியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தன. சறுக்குக்குத் தகடுதான் அமையவில்லை. அப்போது கண்ணில் பட்டது கம்பெனிக்குப் பின்னால் இருந்த கரைசல் தொட்டியின் மூடி. கப்பு வார்க்கும் களிமண் கரைசல் பாலைப் போலக் கெட்டியாக நிற்கும் ஆழத் தொட்டி அது. அதன் இரும்பு மூடி இரண்டு ஓரமும் மடித்து, வழவழவென்று, சறுக்குக்கென்றே அடித்த மாதிரி இருந்தது.

வழவழப்பு எப்படி வந்தது என்றும் அவனுக்குத் தெரியும். அடியில் ஈரம் இருப்பதால் அந்த மூடி எந்த வெயிலிலும் சில்லென்று இருக்கும். பால்வாடி லீவு விட்டால் வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளைகளை அதன்மேல் உட்கார வைத்துவிட்டு, பார்வை படுகிற தூரத்தில் கப்புகளை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருப்பார்கள். வருடக்கணக்காக அப்படித்தான். ஒரு வாரத்தில் வேறு மூடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, ஒரு பழைய பிளைவுட் பலகையைத் தொட்டிமேல் போட்டு, அதன்மேல் சாக்கை விரித்துவிட்டு, மூடியைத் தூக்கி வந்தான். ஒரு வாரம் மூன்று வாரம் ஆயிற்று. சாக்கு விரித்திருந்ததால் கீழே இரும்பா பலகையா என்று யாருக்கும் தெரியவில்லை.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் ஆதிலட்சுமி எப்போதும் போலத் தன் மகள் தர்ஷிகாவை அதன்மேல் உட்கார வைத்தாள். ஊறிப்போன பலகை சத்தமே போடாமல் உள்ளே போனது.

உயிரில்லாமல் வெளியே எடுத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆதிலட்சுமி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இரும்பு மூடி இருந்துச்சே சார். தெனமும் நான்தான சார் ஒக்கார வைப்பேன். மூடி எங்க சார் போச்சி?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "அது துருப்புடிச்சி எப்பவோ எடுத்தாச்சிம்மா," என்றான் கிளமெண்ட். "அங்க புள்ளய உடாதன்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் ஊர் அவனை நம்பியது. விசாரணைக்கு வந்தவர்களும் நம்பினார்கள். ஆதிலட்சுமியின் புருஷன் எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தான். தொட்டியைக் கழுவி, நான்காம் நாள் புதுக் கரைசல் ஊற்றி, மேலே நாலு பலகையும் செங்கலும் அடுக்கி, கப்பு வார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ரீட்டா மட்டும் ஒருநாள் அழுதாள். பிரின்சிக்கு அளவு போன கவுன்களை அவள்தான் தர்ஷிகாவுக்குக் கொடுத்தனுப்புவாள். போன தடவை கொடுத்தபோது இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்திருந்தாள். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்ற கிளமெண்ட் தன் முறை வருவதற்குள் செருப்பைத் தேடுவது போல வெளியே வந்துவிட்டான்.

இருபது நாள் ஆகிவிட்டது. பிரின்சி இப்போது சாப்பாட்டில் பாதியைத் தட்டில் ஒதுக்கி வைக்கிறாள். கேட்டால், போதும் என்கிறாள். காலையில் தலை வாரும்போது சீப்பில் வெள்ளைப் பொடி உதிர்கிறது. "உங்க கம்பெனி தூசி வூடு பூரா," என்று ரீட்டா திட்டுகிறாள். அவன் சீப்பை வாங்கிக் கொல்லையில் உதறிவிட்டு வருகிறான். தினமும் ஒரு மணி நேரமாவது பிள்ளை அந்தத் தகட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இன்று தூக்கி இறக்கும்போது அவள் கனத்தாள். நாலு வயசுப் பிள்ளையின் கனம் இல்லை அது. உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தபோது அவன் முதுகெல்லாம் நனைந்திருந்தது. மூடியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்குத் தோன்றியது. ஆதிலட்சுமி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வதைப் பற்றியும் ஒரு நிமிடம் நினைத்தான். அதோடு அந்த நினைப்பை விட்டுவிட்டான். மூடியை வைத்துவிட்டால் போதும். அப்புறம் எல்லாம் சரியாகிவிடும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. மாதா வணக்க மாதம் என்பதால் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரீட்டா மகளை அழைத்துக்கொண்டு கோயிலுக்கு ஜெபமாலை சொல்லப் போனாள். தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு அவன் போல்ட்டுகளைக் கழற்றினான். பக்கத்து வீட்டு சம்சுதீன் பாயின் லோடு ஆட்டோவைக் கேட்டு வாங்கி, தகட்டை ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினான்.

கோயிலைத் தாண்டியதும் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி மெதுவாகப் போயிற்று. பெட்டி, பெட்டி, பெட்டி. கோயில் ஒலிபெருக்கியில் பெண்களின் குரல் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் ஆட்டோ லேசாக ஒரு பக்கம் அழுந்தி நிமிர்ந்தது. தகடு நகர்ந்திருக்கும் என்று நினைத்தான். திரும்பிப் பார்த்திருக்கலாம்.

கம்பெனி கேட்டுச் சாவி அவனிடம் இருந்தது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கம்பெனிக்குப் பின்னால் காய வைத்த அச்சுகள் வரிசையாக வெளுத்துக் கிடந்தன. சூளை ஆறிக்கொண்டிருக்கும்போது செங்கல் விடுகிற டக், டக் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. அவன் முதலில் தொட்டிமேல் இருந்த செங்கல்களை எடுத்தான். பலகைகளை இழுத்துப் போட்டான். உள்ளே பார்க்கவில்லை. வாசனை மட்டும் முகத்தில் அடித்தது.

வண்டிக்குத் திரும்பி வந்தபோது தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியிருந்தது. காற்று இல்லை. அவன் அதைப் பற்றி நினைக்க விரும்பவில்லை. தகட்டை இறக்கித் தரையில் இழுத்தான். சிமெண்டுத் தரையில் இரும்பு உரசும் சத்தம் காதை அடைத்தது. ஐம்பதடி தூரம். மூச்சு வாங்கியது. தொட்டியின் விளிம்பில் ஏற்றி, தள்ளினான். பொருந்தியது.

கிளமெண்ட் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இருபது நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. சிலுவை போட்டுக்கொண்டான். வெட்கமில்லாமல் அழுதான்.

போன் அடித்தது. ரீட்டா.

"ஏங்க, பிரின்சிய நீங்க கூட்டிட்டுப் போனீங்களா?"

"நானா? இல்லியே."

"வெளையாடாதீங்க. பாதி ஜெபத்துல எழுந்து வெளிய போயிட்டா. அப்பா வண்டி கேட்டுல நிக்குதுன்னு சொல்லிட்டு ஓடினாளாம். வெளிய நின்ன உபகாரமேரி அக்கா பாத்திருக்காங்க. வண்டில ஏறுனதயும் பாத்திருக்காங்க. கூடவே இன்னொரு புள்ளயும் ஏறுச்சாம். அது யாருங்க?"

அவன் மூடியைத் திரும்பிப் பார்த்தான்.

மூடிக்கு அடியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. சின்னக் கை. டொப். டொப்.

"ஹலோ? ஏங்க?"

போன் விழுந்தது. அவன் விளிம்பில் விரலை நுழைத்தான். தூக்கினான். வரவில்லை. ஒற்றை ஆளாக இழுத்து வந்த தகடு. இப்போது வரவில்லை. மேலே யாரோ உட்கார்ந்திருக்கிற கனம். மேலே யாரும் இல்லை.

"பிரின்சி! அம்மாடி!"

டொப். டொப். அப்புறம் நின்றுவிட்டது.

தோளைக் கொடுத்து நெம்பினான். நகம் பெயர்ந்தது. தகடு சட்டென்று லேசாகி அந்தப் பக்கம் சரிந்தது.

உள்ளே வெள்ளை. ஒரு சுருக்கம் இல்லை. ஒரு குமிழி இல்லை.

குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டான். குளிர். துழாவினான். ஒன்றுமில்லை. இன்னும் கீழே. ஒன்றுமில்லை. ஐயோ, மாதாவே, என் பிள்ளை.

அப்போது ஒரு கை அவன் விரல்களைப் பிடித்தது.

இழுத்தான். வந்தது. முழங்கை, தோள், தலை. இழுத்து விளிம்பில் உட்கார வைத்தான். அந்தப் பிள்ளையின் இன்னொரு கை தொட்டிக்குள்ளேயே இருந்தது. எதையோ பிடித்திருந்தது. விடவில்லை. அவன் அதையும் இழுத்தான்.

இரண்டு பிள்ளைகள்.

விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒரே உயரம். ஒரே அளவுக் கவுன். தலை, முகம், இமை, உதடு எல்லாம் வெள்ளைக் களிமண் வழிய, ஒரே அச்சில் வார்த்து எடுத்தது போல. ஒன்று உயிரோடு இருக்கிறது. ஒன்று மூச்சு விட வேண்டும், உடனே விட வேண்டும். எது?

அவன் ஒரு முகத்தைத் துடைத்தான். களிமண்ணுக்கு அடியில் களிமண்தான் வந்தது. மற்றதைத் துடைத்தான். அதுவும் அப்படியே.

"பிரின்சி," என்றான்.

இரண்டும் அவனைப் பார்த்து வாயைத் திறந்தன. உள்ளேயும் வெள்ளையாக இருந்தது.