இருபதுக்குக் குறையாமல்

இருபது பேரில் ஒருவர் மட்டும், யாரும் மூன்று தடவை போன் போட்டுக் கெஞ்சாமலே, கப்பல் கம்பெனி அனுப்பிய படிவத்தைத் தானாகவே நிரப்பி அனுப்பியிருந்தார். பதினெட்டு வருஷமாக டிராவல்ஸ் நடத்தும் ஜெகபர் சாதிக்குக்கு அது அப்போதே நெருடியிருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு, சொன்னபடி, ஒரு கட்டம்கூடக் காலியாக விடாமல் படிவம் நிரப்பும் பயணி இந்த உலகத்தில் கிடையாது.

நெருடவில்லை. இரண்டு வருஷத்தில் சாதிக்குக்கு எதுவுமே நெருடாமல் போயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவருக்கு நாள் முழுவதும் இருந்தது.

தை மாத ஞாயிறு. மூன்றாவது அலை என்று ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு போட்டிருந்தார்கள். கிளினிக்குக்கு வந்த வண்டியும் பிரியாணிக்கு வந்த வண்டியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்று, எது யாருடையது என்று சண்டை நடக்கும் தில்லை நகர்க் குறுக்குத் தெரு, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. கீழே மருந்துக்கடை மட்டும் திறந்திருந்தது. மாடியில் தன் ஆபீஸ் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, போலீஸ் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்தார் சாதிக். இரண்டு வருஷமாக யாரும் மிதிக்காத தரைவிரிப்பின் புழுக்க வாசனையும், சானிடைசர் நெடியும், டியூப்லைட்டின் ஓயாத ரீங்காரமும் சேர்ந்து, அந்த அறையே வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுவது போலிருந்தது.

தென்னூரில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே மனைவி ஆலியா வாசலை மறித்தாள். "ஏங்க, முக்குக்கு முக்கு போலீஸ் நிக்கிறான். காய்கறி வாங்கப் போனவனையே தோப்புக்கரணம் போட வைக்கிறான். உங்களுக்குக் கப்பல் கேக்குதா?"

"அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடிருவான் ஆலியா. இன்னைக்கு விட்டா இனிமே இல்ல."

அது பொய் இல்லை. கொச்சியிலிருந்து லட்சத்தீவு, ஐந்து நாள் சொகுசுக் கப்பல். ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதிக்காரர்களும் சித்திரை வீதிக்காரர்களுமாக இருபது பேர் 2020 தொடக்கத்தில் அவரை நம்பிப் பேர் கொடுத்தார்கள். மார்ச்சில் கப்பல் என்றான் கம்பெனிக்காரன். பிறகு டிசம்பர் என்றான். பிறகு ஏப்ரல். பிறகு, "மறு அறிவிப்பு வரும்வரை." நடுவில் ஒருமுறை கப்பல் கிளம்பிவிட்டதாகவே செய்தி வந்து, சாயங்காலத்துக்குள் அதுவும் இல்லை என்று ஆனது. ஐந்து அறிவிப்புகள். ஐந்து முறையும் சாதிக்தான் இருபது வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னார். பெரிய கடை வீதியில் துணி விற்ற அப்பாவிடம் அவர் கற்றது ஒன்றே ஒன்று: விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம், சொன்ன பேச்சில் இறங்கக் கூடாது. ஐந்து தடவை இறங்கியாயிற்று. இந்த ஆறாவதும் போனால், அந்த வீதிகளில் ஒருத்தரும் அவரிடம் மதுரைக்கு ஒரு பஸ் டிக்கெட்கூடப் போடச் சொல்ல மாட்டார்கள்.

காலையில்கூட, இருபதில் ஒருவரான ரங்கநாதன் மாமா போனில் ஒரு பாட்டம் ஆடித் தீர்த்துவிட்டார். "ஓய் சாதிக், கப்பல் வருமா? இல்ல நாங்க முக்கொம்புல பரிசல் பிடிச்சுண்டு மெதுவா லட்சத்தீவு போய்ச் சேந்துடட்டுமா?"

"இந்தத் தடவை கட்டாயம் சார். இருபது பேருக்கு ஒண்ணு குறையாம இருந்தா போதும்."

அதுதான் கம்பெனியின் நிபந்தனை. இருபதுக்கு ஒருவர் குறைந்தாலும் குழு ரத்து.

தண்ணீரைக் குடித்துவிட்டு, நிரம்பியிருந்த அந்த ஒரே படிவத்தைத் திறந்தார். சௌரிராஜன். எழுபத்திரண்டு வயது, மனைவி இல்லாதவர், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். தனி ஆள் என்பதால் குழுத் தலைவரான சாதிக்கோடு ஒரே அறை. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் போன் செய்து, "சாதிக், நம்ம கப்பல் எப்போ எழுந்தருளறது?" என்பார். அவருக்குப் பெருமாளானாலும் கப்பலானாலும் எழுந்தருள்வதுதான் வழக்கம். கொஞ்ச மாதங்களாகத்தான் போன் இல்லை.

ஆங்கிலப் படிவத்தில் தமிழில் பதில் எழுதியிருந்தார். நேரம், இன்று காலை பதினொன்று நாற்பது.

காய்ச்சல் உண்டா? இல்லை.

மூச்சுத் திணறல் உண்டா? இப்போது இல்லை.

வீட்டில் உடன் வசிப்பவர்கள்? கூட யாரும் இல்லை.

கடந்த பதினான்கு நாளில் நோய் கண்ட யாரோடாவது பழகியதுண்டா? இங்கே எல்லோரும்.

சாதிக் கடைசிப் பதிலை இரண்டு தடவை படித்தார். வாத்தியார் குறும்பு என்று நினைத்துக்கொண்டார். இந்த மாதிரிக் குறும்பு துறைமுகத்தில் செல்லாது. நோய்க்காரர்களோடு பழகினேன் என்று ஒரு ஆள் எழுதினால் இருபது பேரையும் கரையிலேயே நிறுத்திவிடுவான். அந்த வரியை மாற்றச் சொல்ல வேண்டும்.

சௌரிராஜனின் போன் அணைந்திருந்ததால் அவர் மகள் மைத்ரேயியை அழைத்தார்.

"அம்மா, நான் தில்லை நகர் சாதிக் பேசுறேன். கப்பல் விஷயம். சாருக்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசணும், குடுக்க முடியுமா?"

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. "அப்பாகிட்டயா?"

"ஆமாம்மா. திரும்பி வந்துட்டாருல்ல?"

"எங்கேருந்து?"

சாதிக் தன் நோட்டைப் புரட்டினார். போன வைகாசியில் எல்லோருக்கும் போன் செய்தபோது அவர் கையாலேயே எழுதியது. "ஆசார்யன் திருவடி போயிருக்காருன்னு சொன்னீங்களேம்மா. எழுதி வச்சிருக்கேன். குருவோட மடத்துல தங்கியிருக்காரு, வந்ததும் பேசணும்னு."

மிக்சி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"சார்," என்றாள் மைத்ரேயி. குரலில் கோபம் இல்லை. அவளுக்கும் எங்கோ மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள் போல. "ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார்னா, காலமாயிட்டார்னு அர்த்தம். எங்காத்துல அப்படித்தான் சொல்லுவோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

சாதிக்கின் வாயில் தன்னையறியாமல் "இன்னா லில்லாஹி" வந்தது. சாவை அவர் வீட்டில் மௌத் என்பார்கள். எந்த வீட்டிலும் யாரும் நேராகச் சொல்வதில்லை. அதில்தான் எட்டு மாதம் ஒரு மனிதர் மடத்தில் தங்கிவிட்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. எனக்கு... எப்படிம்மா?"

"எல்லாரையும் போலத்தான். மூச்சு. ஆத்துக்குக்கூட எடுத்துண்டு வரலை. பிளாஸ்டிக்ல சுத்தி, தலையிலயும் கால்லயும் கட்டி, நேரா ஓயாமாரி சுடுகாடு. தூர நின்னு பார்த்தோம். அப்பாதான்னு சொன்னா. நாங்க நம்பினோம்."

"அப்ப சாரோட போன் யாருகிட்ட இருக்கு?"

"போனா? அது சட்டைப் பையிலயே இருந்துடுத்து சார். அவரோடயே போயிடுத்து."

சாதிக் திரையைப் பார்த்தார். சௌரிராஜன் பெயருக்கு நேரே, படிவம் அனுப்பிய போன் எண்ணாக அதே எண். பதினொன்று நாற்பது.

"அப்பா பேரை எடுத்துடுங்கோ," என்றாள் மைத்ரேயி.

"எடுத்துடறேம்மா."

போனை வைத்தார். மணி நாலு இருபது. வெளியே ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

பெயரை எடுக்கும் பொத்தானின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். எடுத்தால் பத்தொன்பது. பத்தொன்பது என்றால் குழு இல்லை. நிறுத்திய அம்புக்குறியைப் பார்த்தபடி மனசு தன் பழைய வேலையைத் தொடங்கியது. படிவத்தை யாராவது ஏமாற்றுக்காரன் அனுப்பியிருப்பான், அணைந்துபோன எண்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது கிடக்கட்டும். பெயர் இன்றைக்கு மட்டும் இருந்தால் போதும். லிஸ்ட் மூடிவிட்டால் கப்பல் உறுதி. துறைமுகத்தில், பெரியவருக்குக் கடைசி நேரத்தில் முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஏறாதவரைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? யாருக்கு நஷ்டம்? இறந்தவருக்கா?

தன்னோடு தானே பேரம் பேசியதில் இதைவிட மலிவாக அவர் என்றைக்கும் படிந்ததில்லை.

அந்தக் கடைசிப் பதிலை அழித்துவிட்டு, "யாரும் இல்லை" என்று அடித்தார். பழைய பாஸ்போர்ட் படத்தை ஏற்றினார். மீதிப் பத்தொன்பது படிவங்களையும் கையில் இருந்த விவரத்தை வைத்துத் தானே நிரப்பினார். ஒவ்வொரு பெயருக்கும் கீழே குழுத் தலைவர் உறுதிமொழி இருந்தது. "இந்தப் பயணியை இன்று நேரில் பார்த்தேன்." எந்த ஏஜென்ட் நேரில் பார்த்தான்? எல்லோரும் போடுவதுதான். பத்தொன்பது டிக் வரிசையாக விழுந்தன.

சௌரிராஜனுக்கு மட்டும் விரல் ஒரு நொடி நின்றது.

டிக்.

குழு முழுமை, இருபது பேர் என்று பச்சையில் எழுந்தது. நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடுவதற்குள் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. "தற்போதைய சூழ்நிலை காரணமாகப் பயணம் காலவரையின்றி ஒத்திவைக்கப்படுகிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி."

சாதிக்குக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத, தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. கப்பலே இல்லை. செத்தவரை ஏற்றியும் கப்பல் இல்லை. சரி, போட்ட டிக்கையாவது எடுத்துவிடலாம் என்று அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தினார். கட்டம் அசையவில்லை.

போன் அடித்தது.

திரையில் பெயர்: சௌரிராஜன் ஸ்ரீரங்கம்.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் கை தானாகப் போய் எடுத்துவிட்டது. காதில் வைத்தார். மூச்சுச் சத்தம் இல்லை. ஜவுளிக்கடையில் புதுப்புடவையை உறையிலிருந்து பிரிக்கும்போது வருமே, அந்தச் சரசரப்பு. பிளாஸ்டிக். மெல்ல, மெல்ல. அதற்குள்ளிருந்து, வாயில் எதுவோ ஒட்டிக்கொண்டிருப்பது போல ஒரு குரல்.

"நேர்ல பார்த்தேன்னு போட்டுட்டேளே சாதிக். ரொம்ப சந்தோஷம். வந்துண்டிருக்கோம்."

கட்.

வந்துண்டிருக்கோம். வந்துண்டிருக்கேன் இல்லை.

கம்ப்யூட்டர் திரையில் குழுவின் எண்ணிக்கை மாறியது. இருபத்தொன்று. வீரமலை, திருவெறும்பூர். அவருக்குத் தெரியாத பெயர். படிவம் முழுமை. இருபத்திரண்டு. வேலம்மாள், லால்குடி. படிவம் முழுமை. இருபத்து மூன்று. அருள்ராஜ். குத்புதீன். தானாகத் திறந்த படிவங்களில் எல்லாம் ஒரே கேள்விக்கு ஒரே பதில்.

இங்கே எல்லோரும்.

இங்கே எல்லோரும்.

முப்பத்து நாலு. ஐம்பது. எண்பத்தேழு. ஒவ்வொரு பெயருக்கும் கீழே டிக். அவர் தொடவில்லை. கை இரண்டும் மேஜைமேல் மல்லாந்து கிடந்தன. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் எங்கோ தூரத்தில், வேறு யாருடைய வீட்டிலோ அழுகிற குரல் மாதிரி இருந்தது.

கப்பல் இல்லையே. இவர்களிடம் யார் சொல்வது? யார் போன் போடுவது?

டியூப்லைட் ரீங்காரம் நின்றது. அப்போதுதான் கீழே அந்தச் சரசரப்பு கேட்டது. தெருவில். ஒன்று அல்ல. பல.

எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். இன்னும் வெளிச்சம்தான். வெயில் தார்மேல் மஞ்சளாகக் கிடந்தது. மருந்துக்கடை வாசலிலிருந்து தெருக்கோடிவரை, முதல் வருஷம் வரிசைக்காக வெள்ளைப் பெயிண்டில் போட்ட வட்டங்கள். பாதி அழிந்தவை. வருஷக்கணக்கில் ஒருவரும் மதிக்காதவை.

ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர் நின்றார்.

தலையில் கட்டு. காலில் கட்டு. நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக். வட்டத்துக்கு ஒருவர். இடைவெளி பிசகாமல். தள்ளுமுள்ளு இல்லை. சத்தம் இல்லை. தெரு முடிந்து, திருப்பம் முடிந்து, மெயின் ரோடு பக்கமாக வரிசை போய்க்கொண்டே இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடங்கள் எல்லாம் இந்த ஜன்னலை நோக்கி அண்ணாந்திருந்தன. பொறுமையாக.

முதல் வட்டம் மட்டும் காலி.

சாதிக் மெல்லத் திரும்பினார்.

முழங்கால் உயரத்தில் நின்ற ஷட்டருக்கு அடியில், வெயில் விழுந்த படிக்கட்டுத் தரையில், வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சேர்த்துக் கயிறு கட்டிய இரண்டு பாதங்கள். விரல் நுனி உள்ளே பார்த்தபடி. கயிற்றின் முடிச்சு தானாகத் தளர்ந்துகொண்டிருந்தது.