கதவுக்கு மட்டும் தெரிந்த பாஷை

மீசை செத்து சரியாகப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது.

செக்யூரிட்டி அறை வாசலில் போலீஸ் வேன் உறுமிக்கொண்டு நின்றது.

வேனுக்குள் அண்ணன். கையில் விலங்கு!

"இன்னும் பத்து நிமிஷம்தாம்மா. அப்புறம் கோர்ட்டுக்குக் கிளம்பிடுவோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

தங்கை தலையாட்டினாள். அவள் கையில் வரிசை வரிசையாக எண்கள் அச்சடித்த காகிதம்.

மீசை என்று எல்லோரும் கூப்பிடும் அவர்... அண்ணனும் தங்கையும் வேலை பார்க்கும் அந்த ஆபீஸின் நெட்வொர்க் என்ஜினியர். நேற்று மதியம் மூன்று பன்னிரண்டுக்கு யாரோ சர்வர் ரூமுக்குள் நுழைந்திருக்கிறார்கள். தீயணைக்கும் வாயுவைத் திறந்துவிட்டு, கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூச்சு முட்டி... மூன்று இருபதுக்கு மீசை பிணம்!

"யார் எப்போ கதவைத் திறந்தாங்கங்கிற லிஸ்ட்டைப் பாருங்க சார்!" என்றார் பூட்டுக் கம்பெனி ஏஜென்ட். "மூணு பன்னிரண்டு. கார்டு நம்பர் முப்பத்து நாலு. இந்தப் பொண்ணோட அண்ணன் கார்டு!"

"அந்த லிஸ்ட்டை எடுத்தது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான். எங்க பூட்டு பேசுறது எங்க கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் புரியும். இன்னைக்குக் காலையில வந்து எடுத்தேன். நேத்து நான் இந்த பில்டிங் பக்கமே வரலை."

"சார்..." தங்கையின் குரல் எழும்பவேயில்லை.

"சத்தமா பேசும்மா!"

"நானும் மீசை சாரும் ஒரு பெட்டி செஞ்சோம் சார். இவங்க பூட்டு தனி பாஷை பேசும். நெட்வொர்க்ல இருக்கிற மத்த எல்லா மெஷினும் பொது பாஷை பேசும். பூட்டோட பாஷையைப் பொது பாஷையா மாத்துற பெட்டி. அது வேலை செஞ்சா இவங்க கம்ப்யூட்டரே தேவையில்லை."

"சரி... அதுக்கு?"

"நேத்து பூராவும் அந்தப் பெட்டி ஆன்லதான் இருந்துச்சு. கதவு சொன்னது எல்லாமே பதிவாகியிருக்கு!"

ஏஜென்ட் சிரித்தார். நெற்றியில் மட்டும் வியர்வை.

"பாப்பா... எங்க பாஷையை உடைக்க ஆளுங்க இருபது வருஷமா முட்டி மோதுறாங்க. நீ கிழிச்சிட்டியாக்கும்!"

"கிழிச்சிட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "படி!"

"ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எட்டு எண் வரும். மூணு பன்னிரண்டுக்கு வந்ததுல கடைசி எண் ஐம்பத்திரண்டு. அதுதான் கார்டு நம்பர்." விரலை ஏஜென்ட் பக்கம் நீட்டினாள். "ஏஜென்ட் சாரோட கார்டு!"

"ஏய்!" ஏஜென்ட் மேஜையைக் குத்தினார். "அரைகுறை! கடைசி எண் கார்டே இல்ல! வந்த எண்ணெல்லாம் சரியான்னு கூட்டிப் பார்க்கிற எண்! கார்டு நம்பர் நாலாவது எண்! அதுவும் தலைகீழா வரும்! இது கூடத் தெரியாம பெட்டி செய்ய வந்துட்டா..."

சட்டென்று நிறுத்தினார்.

தப்பாகச் சொன்னவர்களைத் திருத்தாமல் விட அந்த நாக்குக்கு இருபது வருஷமாகப் பழக்கமில்லை!

இன்ஸ்பெக்டர் தங்கை பக்கம் திரும்பினார்.

"உங்க அண்ணன் நேத்து காலையில வந்தப்ப... நாலாவது எண் என்னம்மா?"

"நாற்பத்து மூணு சார்."

"தலைகீழா... முப்பத்து நாலு. சரியாத்தான் இருக்கு. மூணு பன்னிரண்டுக்கு?"

"பத்தொன்பது சார்."

ஏஜென்ட் கதவை நோக்கி நகர்ந்தார். ஏட்டு குறுக்கே நின்றார்.

இன்ஸ்பெக்டரின் விரல்கள் ஏஜென்ட்டின் சட்டைப் பாக்கெட்டுக்குள் போயின. பூட்டை ரிப்பேர் பார்க்க வருபவர்களுக்கான சர்வீஸ் கார்டு வெளியே வந்தது.

"தொண்ணூத்தி ஒண்ணு!"

"சார்... பெட்டி வேலை செஞ்சா எங்க கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்... நிறுத்துய்யான்னு கெஞ்சினேன். அவன் கேட்கலை..."

"லிஸ்ட்ல நம்பரை மாத்திட்டே. பெட்டியை மறந்துட்டே. ஏட்டு! அந்தப் பையன் கை விலங்கைக் கழட்டி இவர் கையில மாட்டு!"

ஏஜென்ட் தங்கையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "எப்படிடி உடைச்சே? எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

தங்கை தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நாலு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டோம். ஒரு எண் கூடப் புரியலை. நீங்க இப்ப சொன்னப்பதான் சார் தெரியும்."

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார்!

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

"சார்... கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி மீதி ஆறு எண்ணையும் சொல்லிட்டுப் போகச் சொல்லுங்களேன். வேலை பாதியில நிக்குது!"