இரண்டாவது பிரேக்

பழைய கார்களை வாங்கி விற்கும் அந்த இடத்துக்கு அக்காவும் தம்பியும் வந்து சேர்ந்தபோது வெயில் மங்கியிருந்தது. வருவேனா மாட்டேனா என்று மழை அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கம்பி வேலிக்குள் வரிசை வரிசையாகக் கார்கள். எல்லாக் கார்களின் கண்ணாடியிலும் ‘ஒரே உரிமையாளர்’ என்று ஒட்டியிருந்தார்கள். அத்தனை கார்களையும் ஒரே ஆள்தான் வைத்திருந்தாரோ என்னவோ.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுக்கா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்,” என்றான் தம்பி, பின் இருக்கையிலிருந்து.

அக்கா ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். ‘காலை நீட்டிக்க பின்னாடிதான் வசதி’ என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டான். முன்னால் இடது இருக்கை காலியாக இருந்தது. அவன் ஏன் அங்கே உட்காரவில்லை என்று அவளும் கேட்கவில்லை.

வாசல் தூணை ஒட்டி அவள் காரைத் திருப்பினாள். இடம் தாராளமாகவே இருந்தது.

கார் சடாரென்று நின்றது.

அவள் கால் பிரேக்கில் இல்லை. மெல்லத் தலையைத் திருப்பி இடது பக்கம் தரையைப் பார்த்தாள். முந்தாநாள் போட்ட புதுக் கார்ப்பெட் ஓரிடத்தில் அழுந்திக் குழிந்திருந்தது. குதிகால் ஊன்றிய இடம் ஒன்று, பாதம் அழுத்திய இடம் ஒன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிவு நிதானமாக மேலெழுந்து சமமானது. கிராம்பு வாசனை அடித்தது.

“ஏன்க்கா பிரேக் போட்டே?”

“நான் போடலை.”

தம்பி எட்டிப் பார்க்காமலே கிசுகிசுத்தான். “புதுக் கார்ப்பெட்டுக்கா. அப்படித்தான் அமுங்கும்.”

அது டிரைவிங் ஸ்கூல் கார். கற்றுக்கொடுப்பவர் அவசரத்துக்கு அழுத்துவதற்காக, அந்த மாதிரிக் கார்களில் இடது பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அவள் கணவர் இருபது வருடமாக அந்த இருக்கையில் உட்கார்ந்து, கிராம்பை மென்றுகொண்டே பாடம் நடத்தினார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். போன வருடம் பாடத்தின் நடுவே, பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். அந்தக் காலை நாலு பேர் சேர்ந்து எடுத்த பிறகுதான் கார் நகர்ந்ததாம்.

ஊராருக்கு அவர் தங்கமான மனிதர். கியர் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களிடம்கூட குரலை உயர்த்த மாட்டார். கட்டினவளிடம் மட்டும் பொறுமை கிடையாது. அவள் தப்பாக ஓட்டினால் பிரேக்கை மிதிப்பார். சரியாக ஓட்டினால், இனிமேல் தப்புச் செய்யப்போகிறாள் என்று மிதிப்பார். அவர் கால் படாமல் ஒரு தெருவைக்கூட அவள் முழுசாக ஓட்டியதில்லை. அவர் போனதும் அழுதாள். ஆனால் மறுநாள் சாவியைக் கையில் எடுத்தபோது, மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். கார் இல்லாமல் முடியாது. போன வாரம் பாலத்தின் நடுவில் கார் தானாக நின்றது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் விட்டு நின்றது. இன்னொரு தடவை நடந்தால் உயிர் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் அந்தப் பெடலைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, மேலே கார்ப்பெட்டை விரித்தான். ஸ்கூல் கார் என்று தெரிந்தால் விலை போகாது என்பது அவன் கணக்கு. பெடல் இல்லாவிட்டால் எதை மிதிப்பது என்பது அவள் கணக்கு. இரண்டு கணக்கும் தப்பு.

காரை மதிப்பிடுகிறவர் கையில் டார்ச்சோடு வந்தார். கதவுகளைத் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார். பிறகு தினமும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். “வண்டியில ஏதாவது குறை இருக்கா மேடம்?”

“தங்கம் சார்,” என்றான் தம்பி. “எங்க மாமா குழந்தை மாதிரி வெச்சிருந்தார்.”

அக்கா அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். “நான் சொல்லப் போறேன்டா.”

“பைத்தியமா உனக்கு? ஆயிரம் பொய் சொல்லி கல்யாணமே பண்றாங்க. ஒரு காரைத் தள்ளிவிட ஒரு பொய் சொல்லக் கூடாதா?”

“அப்படிச் சொல்லித்தானே என்னையும் கட்டி வெச்சீங்க.”

அவள் மதிப்பிடுகிறவரிடம் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்கூல் கார் என்பதை, பெடலைக் கழற்றியதை, பாலத்தில் நின்றதை. கால் தடத்தை மட்டும், “அந்தப் பக்கத்துல யாரோ அழுத்துற மாதிரி இருக்கு,” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மதிப்பிடுகிறவர் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க. சரி, ஓட்டிப் பாக்கலாம்.”

“நீங்க தனியாப் போக வேண்டாம். நானும் வர்றேன்.”

அவர் ஓட்டினார். அவள் பின்னால் உட்கார்ந்து, கண்ணை அந்தக் கார்ப்பெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. சாலை அகலமானது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அவர் வேகத்தைக் கூட்டினார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவர் வேண்டுமென்றே தாறுமாறாகத் திருப்பிப் பார்த்தார், திடீரென்று வேகமெடுத்தார். கார் சொன்னபடி கேட்டது. கிராம்பு வாசனையும் இல்லை. திரும்பி வந்து இறங்கினார்கள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே மேடம். ஸ்கூல் வண்டிங்கறதுக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கறேன்.”

“பிரிச்சுப் பாக்காம யாருக்கும் வித்துடாதீங்க. குழந்தை குட்டியோட யாராவது வாங்கிட்டா?”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். “மெக்கானிக்கை இப்பவே பாக்கச் சொல்றேன். பாத்ததும் போன் பண்றேன்.”

பதிலுக்கு அவள் எடுத்தது ஒரு சின்ன வெள்ளைக் கார். இரண்டு வருடம்தான் ஓடியிருந்தது. தம்பி, ‘உன் நேர்மையை வெச்சு நாக்கு வழிக்கக்கூட முடியாது’ என்று முணுமுணுத்துவிட்டுப் பஸ் பிடித்துப் போனான்.

காகிதங்களில் கையெழுத்தெல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. அவள் தனியாகக் கிளம்பினாள். மழை கடைசியில் வந்தேவிட்டது. வைப்பர் அசைந்தது, காருக்குள் புது உறையின் வாசனை மட்டும் இருந்தது. முதல் திருப்பத்தில் பழக்கத்தினால் தோளைக் குறுக்கிக்கொண்டாள். கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அடுத்த திருப்பத்திலும் அப்படியே. பாலம் வந்தது. நடுவில் நிற்காமல், பின்னால் யாரும் திட்டாமல், முழுப் பாலத்தையும் தாண்டினாள். சனியன் விட்டது என்று சத்தமாகவே சொன்னாள். அப்படிச் சொன்னதற்காக வெட்கப்பட்டு, பிறகு சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு காருக்குள் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

போன் அடித்தது. ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் எடுத்தாள்.

“மேடம், பிரேக்கை முழுசாப் பிரிச்சுப் பாத்தாச்சு,” என்றார் மதிப்பிடுகிறவர். “மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டிட்டோம். அந்த வண்டியில ஒரு குறையும் இல்லை. எல்லாரும் இருக்கற குறையை மறைப்பாங்க. நீங்க ஏன் மேடம் இல்லாத குறையைச் சொன்னீங்க?”

“நான் பொய் சொல்லலை சார்.”

“வண்டியில இல்லையே மேடம்.”

அவர் சொன்னது மெதுவாகத்தான் அவளுக்குள் இறங்கியது. மூன்று பேர் ஓட்டினார்கள். மூன்று பேருக்கும் கார் ஒழுங்காக ஓடியது.

வைப்பர் போய் வந்தது.

டிங்.

காரின் முன்பலகையில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. இடது இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் எரிகிற விளக்கு.

டிங். டிங்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போன் மடியில் விழுந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் வழியும் மழையையே பார்த்தாள்.

“விட்டுடுங்க,” என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. “நான் ஒழுங்காத்தானே ஓட்டறேன்.”

இடது பக்கம் பெல்ட் இழுபடும் சத்தம், அவசரமே இல்லாமல், முழு நீளத்துக்கும் கேட்டது.

டக்.

விளக்கு அணைந்தது.